வேலை, படிப்பு, சிக்கனம், வீட்டுக் கடன்: எதை எப்போது முன்னே விடுவது

கேள்வி இதுதான். முழுநேர வேலை இருக்கிறது. மாலையிலும் வார இறுதியிலும் படிக்க ஒரு மூன்றாண்டுப் படிப்பில் சேர எண்ணம். 20 ஆண்டு வீட்டுக் கடன் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. சிக்கனமாக வாழ்வதால் மாதம் 5,000 மிஞ்சுகிறது. கடனை 12 ஆண்டில் முடித்துவிட ஆசை. அந்த 5,000 கடனுக்குப் போக வேண்டுமா, படிப்புக்கா? நான்கையும் சேர்த்து இழுக்க முடியுமா?

இழுக்கலாம். ஆனால் நான்கையும் ஒரே வேகத்தில் இழுக்க முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று முன்னே போகும், மற்றவை அதற்கு வழிவிட்டுப் பின்னால் வரும். படிக்கும் ஆண்டுகளில் வழிவிட வேண்டியது பெரும்பாலும் கடனை முன்கூட்டிக் கட்டும் வேகம்தான். கடன் வெறுப்பவர்களுக்கு இது கசக்கும், அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

கடன் 30,00,000, ஆண்டு வட்டி 9%, 240 மாதம் என்று வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவானாலும் விகிதம் மாறாது. உங்கள் கடன் இதில் பாதி என்றால் எல்லாத் தொகைகளையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள், மாதக் கணக்கு அப்படியே நிற்கும்.

மாதத் தவணை 26,992 வரும். முதல் மாதத் தவணையில் வட்டிக்குப் போவது 22,500, அசலில் கழிவது வெறும் 4,492. ஐந்து ஆண்டில் மொத்தம் 16.2 லட்சம் கட்டியிருப்பீர்கள், அசல் இறங்கியிருப்பது 3.4 லட்சம்கூட முழுதாக இல்லை. பத்தாம் ஆண்டு முடிவில், பாதிக் காலம் போன பிறகும், 21.3 லட்சம் பாக்கி நிற்கும். கடைசி வரை இப்படியே கட்டினால் வட்டி மட்டும் 34.8 லட்சம். முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்ற துடிப்பு எங்கிருந்து வருகிறது என்பது இந்த எண்களைப் பார்த்தாலே புரியும்.

12 ஆண்டில் முடிக்க மாதம் 34,141 கட்ட வேண்டும். அதாவது தவணைக்கு மேல் 7,150 தேவை, கையில் மிஞ்சுவது 5,000. அந்த 5,000-ஐ முதல் மாதத்திலிருந்தே விடாமல் கட்டினால் 163 மாதத்தில், அதாவது 13 ஆண்டு 7 மாதத்தில் கடன் முடியும். வட்டியில் ஏறக்குறைய 12.8 லட்சம் மிஞ்சும். நல்ல பலன்தான், ஆனாலும் இலக்குக்கு 19 மாதம் தள்ளி நிற்கிறது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அந்த இடைவெளியை அடைக்கப் பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு.

அது வட்டி விகிதத்தைக் குறைக்கக் கேட்பது. புதிதாகக் கடன் வாங்குபவருக்கு உங்கள் வங்கி இன்று எந்த விகிதத்தில் கொடுக்கிறது என்று பாருங்கள். உங்களுடையதைவிட அது குறைவாக இருந்தால் எழுத்து மூலம் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் வேறு வங்கியில் கடனை மாற்றுவதற்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்கெடுங்கள். அரை சதவீதம் குறைந்து 8.5% ஆகி, தவணையை மட்டும் பழைய 26,992-லேயே வைத்துக்கொண்டால், வேறு ஒரு காசும் கூடுதலாகக் கட்டாமலே 20 மாதம் குறையும், வட்டியில் சுமார் 5.6 லட்சம் மிஞ்சும். முதலாண்டு முடிவில் ஒரு லட்சத்தை மொத்தமாகக் கொண்டுபோய்க் கட்டினால் குறைவது 19 மாதம். அந்த ஒரு லட்சத்தைச் சேர்க்க எத்தனை மாதம் ஆகும், அந்தக் கடிதம் எழுத எத்தனை மணிநேரம் ஆகும் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றும்போது பரிசீலனைக் கட்டணம், சட்ட ஆலோசனை, மதிப்பீடு, பதிவுச் செலவு எல்லாம் சேர்ந்து, மிஞ்சும் வட்டியில் முதல் ஓராண்டுத் தொகையைத் தாண்டினால் மட்டும் இரண்டு முறை யோசியுங்கள். புதிய கடனை மறுபடி 20 ஆண்டுக்கு எழுதிவிடாதீர்கள். மீதமுள்ள காலத்துக்கு மட்டும் எழுதச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் குறைந்த விகிதத்தில் அதிக வட்டி கட்டுவீர்கள்.

மாறும் வட்டிக் கடனாக இருந்தால் இதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். விகிதம் ஏறும்போது பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடும். தவணை மாறாததால் யாரும் கவனிப்பதில்லை. மேலே சொன்ன கடனில் தொடக்கத்திலேயே 9% என்பது 10% ஆனால், அதே தவணையில் 240 மாதம் 314 மாதமாகிவிடும். ஆறு ஆண்டுக்கு மேல் கூடுதல். 10.8% ஆனால் மாத வட்டியே 27,000, தவணையோ 26,992. அசல் குறைவதற்குப் பதில் ஏறத் தொடங்கும். ஆகவே விகிதம் மாறியதாகத் தகவல் வந்த அன்றே மீதமுள்ள மாதங்கள் எத்தனை என்று கேட்டு எழுதிவையுங்கள்.

இனி முக்கியமான கேள்வி: 5,000 எங்கே போக வேண்டும்?

மூன்று வழிகளை ஒரே கடனில் வைத்துப் பார்ப்போம். முதல் வழி, படிப்பே வேண்டாம், 5,000 முதல் மாதத்திலிருந்து கடனுக்கு. முடிவது 163-ஆம் மாதம். இரண்டாம் வழி, முதல் 36 மாதம் அந்த 5,000 படிப்புக்கு, ஆக 1,80,000. கடனுக்குத் தவணை மட்டும். படிப்பு முடிந்ததும் கைக்கு வரும் சம்பளம் மாதம் 6,000 கூடுகிறது, அந்த 6,000-ஐயும் பழைய 5,000-ஐயும் சேர்த்து 11,000 கடனுக்கு. முடிவது 145-ஆம் மாதம். மூன்றாண்டு தாமதமாகத் தொடங்கியும் முதல் வழியைவிட 18 மாதம் முன்னால். மூன்றாம் வழி, படித்தும் சம்பளம் ஏறவில்லை, 37-ஆம் மாதத்திலிருந்து வெறும் 5,000 மட்டும். முடிவது 181-ஆம் மாதம். 18 மாதம் பின்னால்.

ஆக இந்த எண்களில் படிப்பு என்பது 18 மாதம் முன்னே, அல்லது 18 மாதம் பின்னே. சம்பள உயர்வு 2,500 அளவுக்கு இருந்தாலே முதல் வழியோடு சமமாகிவிடும், அதற்கு மேல் வருவதெல்லாம் ஆதாயம். கடன் முடிந்த பிறகும் அந்த உயர்வு மாதாமாதம் வந்துகொண்டிருக்கும் என்பது தனி. வட்டியை 8.5% ஆக்கிய பிறகு இரண்டாம் வழியில் போனால் 139 மாதம், 11 ஆண்டு 7 மாதம். கேட்ட இலக்குக்குள் வந்துவிட்டது.

இந்தக் கணக்கை உங்கள் எண்களில் போட, மீதமுள்ள மாதங்களைக் கண்டுபிடிக்கும் NPER என்ற சூத்திரம் எக்செல் போன்ற எந்த விரிதாளிலும் இருக்கிறது. மாத வட்டி, மாதக் கட்டணம், பாக்கி அசல் மூன்றையும் கொடுத்தால் போதும். கட்டணத்தை மைனஸ் குறியோடு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் விடை தப்பாக வரும்.

படிப்பின் பக்கம் சாய்ந்து பேசுகிறேன் என்று தோன்றலாம். அதனால் அதன் பெரிய ஆபத்தையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கடனில் பாதித் தொகை கட்டினால் பாதிப் பலன் உறுதி. பாதி படித்து நிறுத்தினால் பெரும்பாலும் பலன் எதுவுமே இல்லை, பணம் மட்டும் போயிருக்கும். ஆகவே முடிவு எடுப்பதற்கு முன் விசாரிக்க வேண்டியவை: அந்தப் படிப்பை முடித்தவர்களில் உங்களைப் போல வேலையில் இருந்துகொண்டே முடித்தவர்கள் யார், அவர்கள் எத்தனை ஆண்டு எடுத்தார்கள், இப்போது எந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள். உங்கள் அலுவலகத்திலேயே அடுத்த படிநிலைக்கு அந்தச் சான்றிதழ் எழுத்து வடிவில் கேட்கப்படுகிறதா, இல்லை 'இருந்தால் நல்லது' என்ற அளவில்தானா? இரண்டாவது பதில்தான் என்றால் 18 மாதம் பின்னால் போகும் வழியை மனதில் வைத்தே முடிவெடுங்கள். ஒரு பாடத்தை மட்டும் தனியாகப் பணம் கட்டி எடுக்க இடம் இருந்தால் முதல் பருவம் அப்படிச் செய்து பார்ப்பது மிக நல்லது. செலவு சிறியது, உங்கள் வாரத்தில் அது பொருந்துகிறதா என்பது தெரிந்துவிடும்.

நிறுவனம் கட்டணத்தில் ஒரு பங்கு தருமா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே கேட்க வேண்டும். சேர்ந்த பிறகு கேட்டால் பல இடங்களில் விதி இடம் தராது. தந்தால், படித்து முடித்த பின் இத்தனை காலம் அங்கேயே வேலை செய்ய வேண்டும், இல்லையேல் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் வரும். படிப்பின் பலனே வேறு இடத்துக்குப் போனால்தான் கிடைக்கும் என்றால் அந்த உதவி உதவியே இல்லை. கட்டணத்தோடு தேர்வு நாட்களுக்கு விடுப்பு கேளுங்கள். அதைக் கொடுப்பது நிறுவனத்துக்கு எளிது, உங்களுக்கோ பணத்தைவிட அரிது.

நேரக் கணக்குக்கு வருவோம். வாரத்தில் 168 மணி. தூக்கம் 53, வேலை 45, போக்குவரத்து 7, சமையல் துவைத்தல் கடை குளியல் எல்லாம் 25 என்றால் மிச்சம் 38. இதில்தான் குடும்பம், உடம்பு, ஓய்வு, படிப்பு எல்லாம். படிப்பு எவ்வளவு கேட்கும்? ஐரோப்பிய உயர்கல்வி முறையில் ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணிநேர உழைப்பு, முழுநேர மாணவருக்கு ஆண்டுக்கு 60 கிரெடிட். அந்த 60 கிரெடிட்டை மூன்றாண்டில் பரப்பினால் ஆண்டுக்கு 500 முதல் 600 மணிநேரம். ஆண்டில் 44 வாரம் படிக்க முடியும் என்று வைத்தால் வாரத்துக்கு 11 முதல் 14 மணி. வேறு முறையில் உள்ள படிப்பாக இருந்தாலும் மொத்த உழைப்பு மணிநேரம் எவ்வளவு என்று பாடத்திட்டத்தில் தேடி இப்படியே வகுத்துப் பாருங்கள். வகுப்பு நேரத்தை மட்டும் எண்ணி ஏமாற வேண்டாம்.

11 மணிநேரம் என்பதை வார நாட்களில் நான்கு நாள் ஒன்றரை மணி, வார இறுதியில் ஒரே அமர்வாக ஐந்து மணி என்று பிரித்தால் தாங்கும். தினமும் ஒன்றரை மணி, ஏழு நாளும் என்று போட்டால் மூன்றாம் வாரத்திலேயே உடைந்துவிடும், ஏனென்றால் ஒரு நாள் தவறினாலும் ஈடுகட்ட இடமே இல்லை. வாரத்தில் ஒரு மாலையும் வார இறுதியில் ஒரு நாளும் எதற்கும் ஒதுக்காமல் வெறுமையாக வையுங்கள். அலுவலகத்தில் நேரம் போனால் அந்த வெறும் மாலை ஈடு கொடுக்கும். மனப்பாடம் செய்ய வேண்டியது, மீள்பார்வை ஆகியவை பேருந்திலும் ரயிலிலும் நடக்கும். கணக்குப் போடுவதும் கட்டுரை எழுதுவதும் நடக்காது, அவற்றுக்கு மேசையும் தலை தெளிவாக இருக்கும் நேரமும் வேண்டும்.

சிக்கனம் பலருக்குத் தடம் புரளுவது இந்த இடத்தில்தான். சிக்கனத்தில் இரண்டு வகை உண்டு. ஒருமுறை முடிவெடுத்தால் மாதாமாதம் தானே மிச்சம் தருவது ஒரு வகை. ஒவ்வொரு முறையும் உங்கள் நேரத்தைக் கேட்பது இன்னொரு வகை. இரண்டாவது வண்டியை விற்பது, பயன்படுத்தாத சந்தாக்களை நிறுத்துவது, கைபேசித் திட்டத்தை மாற்றுவது, காப்பீட்டை ஆண்டுதோறும் ஒப்பிட்டு எடுப்பது, காலியாக இருக்கும் அறையை வாடகைக்கு விடுவது எல்லாம் முதல் வகை. சலுகை விலைக்காக மூன்று கடை ஏறி இறங்குவது, எல்லாவற்றையும் நாமே பழுது பார்ப்பது, போக்குவரத்துச் செலவு மிச்சம் என்று இரண்டு வண்டி மாறிச் சுற்றி வருவது எல்லாம் இரண்டாம் வகை. படிப்பு இல்லாத காலத்தில் இரண்டும் நல்லதே. படிக்கும் பருவத்தில் இரண்டாம் வகையை அளந்துதான் செய்ய வேண்டும்.

அளப்பதற்கு உங்கள் ஒரு மணிநேரத்தின் விலை தெரிய வேண்டும். கைக்கு வரும் சம்பளம் 65,000, வேலையும் போக்குவரத்தும் சேர்ந்து வாரம் 52 மணி, மாதம் சுமார் 224 மணி என்றால், ஒரு மணிக்கு 290. இரண்டு மணிநேரம் அலைந்து 150 மிச்சப்படுத்தினால் மணிக்கு 75. அந்த இரண்டு மணி படிப்பிலிருந்து எடுத்தது என்றால் அது நஷ்டம். ஞாயிறு காலை மூன்று மணிநேரம் சமைத்து வாரத்தில் நான்கு நாள் வெளிச் சாப்பாட்டைத் தவிர்ப்பது இதற்கு நேர் எதிர். பணமும் மிச்சம், வார நாளின் மாலை நேரமும் மிச்சம். இப்படி இரண்டையும் சேர்த்துத் தரும் சிக்கனத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கைவைக்கக் கூடாத இடங்களும் உண்டு. வீட்டுப் பராமரிப்பை ஒத்திப்போட்டு அந்தப் பணத்தைக் கடனுக்குக் கட்டுவது பொய்யான மிச்சம். மாடியில் ஒரு சிறு விரிசலை அடைக்கும் செலவு சிறியது. அதை விட்டு, நீர் உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடித்து, பூச்சு பெயர்ந்தால் பிறகு ஆகும் செலவு பல மடங்கு. வீட்டின் மதிப்பில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் பராமரிப்புக்கு என்பது பலரும் வைக்கும் அளவு. புது வீட்டில் அது சில ஆண்டு செலவாகாமல் கிடக்கும், கிடக்கட்டும். சம்பாதிப்பவரின் ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, பல் வைத்தியம், தூக்கம் இவற்றையும் வெட்டாதீர்கள். சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் தவணை கட்ட ஆள் இல்லை.

இதெல்லாம் நிற்க ஒரு தரை வேண்டும். அது அவசரகால நிதி. மேலே போட்ட 145, 181 என்ற கணக்கெல்லாம் அந்த நிதி ஏற்கெனவே இருக்கிறது என்ற எண்ணத்தில் போட்டவை. இல்லையென்றால் 5,000 கடனுக்கும் போகக் கூடாது, படிப்புக்கும் போகக் கூடாது. முதலில் இதற்குத்தான். தவணை 27,000, இறுக்கிப் பிடித்த வீட்டுச் செலவு 21,000 என்றால் மாதம் 48,000. மூன்று மாதத்துக்கு 1,44,000 இருந்தால் படிப்பில் சேரலாம், ஆறு மாதம் இருந்தால் நிம்மதி. மாதம் 5,000 மட்டும் போட்டால் மூன்று மாதத் தொகை சேரவே 29 மாதம் ஆகும் என்பது உண்மைதான். அதனால் போனஸ், வரியில் திரும்பி வந்த பணம், விற்ற வண்டியின் தொகை போன்ற மொத்தத் தொகைகளை முதலில் இங்கே போடுங்கள். அதிக வட்டியில் கடன் அட்டைப் பாக்கியோ தனிநபர்க் கடனோ இருந்தால் அதையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிட வேண்டும். 9% கடனுக்கு முன்பணம் கட்டிவிட்டு, கல்விக் கட்டணத்துக்கு 15% கடன் வாங்கினால் ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 6,000 கையைக் கடிக்கும். கடனை அடைக்கும் ஆவேசத்தில் கையிருப்பை முழுக்கக் கொட்டியவர்களுக்கு வழக்கமாக நேரும் விபத்து இது. வீட்டுக் கடனில் கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்கும் வசதி எல்லா வங்கியிலும் இல்லை.

அந்த வசதி உள்ள கடன்களும் இருக்கின்றன. கடனோடு இணைந்த ஒரு கணக்கு, அதில் கிடக்கும் பணத்துக்கு நிகரான அசலுக்கு வட்டி விழாது, வேண்டும்போது பணத்தை எடுத்துக்கொள்ளலாம். படிப்பவருக்கு இது மிகப் பொருத்தம். கல்விக் கட்டணத்துக்கென்று எடுத்துவைத்த 1,50,000 ஆறு மாதம் அதில் கிடந்தால் 9% வட்டியில் 6,750 மிச்சம். அவசரகால நிதியையும் அங்கேயே வைக்கலாம். இத்தகைய கடனுக்கு விகிதம் சற்றுக் கூடுதலாகக் கேட்பார்கள். அந்தக் கூடுதல், முழுப் பாக்கிக்கும் விழும் என்பதை மறக்கக் கூடாது. பாக்கி 30 லட்சத்துக்குக் கால் சதவீதம் என்றால் ஆண்டுக்கு 7,500. 9.25% வட்டியில் அதை ஈடுகட்ட ஏறக்குறைய 81,000 எப்போதும் அந்தக் கணக்கில் கிடக்க வேண்டும். அதற்கு மேல் கிடந்தால்தான் ஆதாயம்.

மொத்தமாக ஒரு தொகை கட்டும்போது வங்கி கேட்கும்: தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா? எல்லோரும் சொல்வது காலத்தைக் குறை என்று. கணக்கும் அப்படித்தான் தெரிகிறது. முதலாண்டு முடிவில் ஒரு லட்சம் கட்டி காலத்தைக் குறைத்தால் வட்டியில் சுமார் 4.1 லட்சம் மிஞ்சும், தவணையைக் குறைத்தால் மாதம் 917 குறைந்து மொத்தத்தில் 1.1 லட்சம்தான் மிஞ்சும். ஆனால் தவணையைக் குறைத்துக்கொண்டு, அந்த 917-ஐ விடாமல் கூடுதல் கட்டணமாகக் கட்டி வந்தால் இரண்டும் ஒன்றே. வேறுபாடு எங்கே என்றால், படிப்புக்காகச் சம்பளமில்லா விடுப்பு எடுக்க நேர்ந்தால் கட்டாயத் தவணை குறைவாக இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு. ஒழுங்காகக் கட்டும் பழக்கம் இருந்து, சிறு தொகைகளை அடிக்கடி கட்ட வங்கி அனுமதித்தால், படிக்கும் காலத்தில் தவணையைக் குறைப்பதையே நான் பரிந்துரைப்பேன். தானியங்கிப் பரிமாற்றம் போட்டுவிடுங்கள். கையால் கட்டுகிறேன் என்றால் மூன்றாம் மாதமே நின்றுவிடும். அந்த உறுதி இல்லை என்றால் காலத்தைக் குறைப்பதே நல்லது.

சீக்கிரம் கட்டினால் அதிக லாபம் என்று சொல்வதில் ஒரு சிறு தெளிவு வேண்டும். முதலாண்டு முடிவில் கட்டிய லட்சம் 4.1 லட்சம் வட்டியை மிச்சப்படுத்துகிறது, 15-ஆம் ஆண்டு முடிவில் கட்டியது 54,000 மட்டும். இரண்டிலும் அந்தப் பணத்துக்குக் கிடைத்தது அதே 9%தான். முதல் லட்சம் அதிக ஆண்டுகள் உழைத்தது, அவ்வளவே. அதனால் வரி போக 9%-க்கு மேல் உறுதியாகத் தரும் இடம் இருந்தால், அல்லது நீங்கள் போடும் தொகைக்கு ஈடாக நிறுவனமும் ஓய்வூதிய நிதியில் போடுகிறது என்றால், அதுதான் முன்னே வர வேண்டும். வட்டிக்கு வரிச் சலுகை கிடைக்கும் நாட்டில் உங்கள் உண்மையான விகிதம் இன்னும் குறைவு. முழு வட்டிக்கும் 20% வரி விலக்கு என்றால் 9% என்பது 7.2% ஆகிறது. பல ஆண்டுகளுக்கு முன் மிகக் குறைந்த நிலை வட்டியில் எழுதிய கடன் என்றால், வைப்பு நிதி வட்டி அதைத் தாண்டும் காலங்களில் அவசரப்பட்டுக் கட்டத் தேவையே இல்லை.

கட்டும் முறையில் மூன்று இடங்களில் தவறு நடக்கிறது. முதலாவது அபராதம். நிலை வட்டிக் கடனில் முன்கூட்டிக் கட்ட அபராதம் இருக்கலாம், ஆண்டுக்கு இத்தனை சதவீதம் வரை இலவசம் என்ற எல்லையும் இருக்கலாம். எல்லைக்குள் பிரித்துக் கட்டுங்கள். இரண்டாவது நாள். வட்டியைத் தினப் பாக்கிக்குக் கணக்கிடும் வங்கி என்றால் பணம் வந்த அன்றே கட்டுங்கள். மாதத்துக்கு ஒருமுறை கணக்கிட்டால் கணக்கிடும் நாளுக்கு முன்பு. ஆண்டுக்கு ஒருமுறைதான் அசலைக் குறைப்பார்கள் என்றால் அதுவரை பணத்தை வட்டி வரும் வைப்பில் வைத்திருந்து, அந்த நாளை ஒட்டிக் கட்டுங்கள்.

மூன்றாவதுதான் அதிகம் நடப்பது. கூடுதலாகக் கட்டிய பணத்தை அசலில் கழிக்காமல், அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக வரவு வைத்துவிடுவார்கள். கட்டும்போதே 'அசலில் கழிக்கவும்' என்று எழுத்தில் கொடுங்கள். பிறகு அடுத்த மாதக் கணக்கு அறிக்கையை எடுத்து ஒரு வரியைச் சரிபார்க்க வேண்டும். பாக்கி அசலை ஆண்டு வட்டியால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் அந்த மாத வட்டி. முதலாண்டு முடிவில் பாக்கி 29,43,819 என்றால் வட்டி 22,079. ஒரு லட்சம் கட்டிய பிறகு பாக்கி 28,43,819, வட்டி 21,329. சரியாக 750 குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் பணம் அசலுக்குப் போகவில்லை, அன்றே கடிதம் எழுதுங்கள். கட்டிய ரசீது, நீங்கள் எழுதிய குறிப்பு, மறுமாத அறிக்கை மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

மாதாமாதம் முடியாதவர்கள் ஆண்டுக்கு ஒரு தவணை மட்டும் கூடுதலாகக் கட்டினாலும் 240 மாதம் 199 ஆகும், 6.9 லட்சம் வட்டி மிஞ்சும். இரு வாரத்துக்கு ஒருமுறை பாதித் தவணை கட்டும் திட்டமும் ஏறக்குறைய இதேதான். ஆண்டில் 26 அரைத் தவணை, அதாவது 13 தவணை. அந்தத் திட்டத்தில் சேர்க்கத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம், நீங்களே ஆண்டில் ஒருமுறை கட்டிக்கொள்ளலாம்.

படிப்பு முடிந்து சம்பளம் ஏறும் மாதம் மிக முக்கியமானது. ஏறிய சம்பளம் வீட்டுச் செலவில் கலந்துவிட்டால் மூன்றாம் மாதத்துக்குள் அது கண்ணுக்கே தெரியாது, இரண்டாம் வழி சத்தமில்லாமல் மூன்றாம் வழியாகிவிடும். உயர்வுக் கடிதம் வந்த அன்றே 11,000-க்கான தானியங்கிப் பரிமாற்றத்தை, சம்பளம் விழும் மறுநாளுக்குப் போட்டுவிடுங்கள். மூன்றாண்டு இழுத்துப் பிடித்த குடும்பத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றால் அடுத்த உயர்விலிருந்து செய்யலாம், அல்லது 11,000-க்குப் பதில் 10,000 என்று தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்ளலாம். வீட்டில் மற்றவர்கள் சம்மதமில்லாமல் ஒருவர் மட்டும் போடும் சிக்கனத் திட்டம் நீடிக்காது. மாதத்தில் ஒரு நாள் பாக்கி அசல் எவ்வளவு, இன்னும் எத்தனை மாதம் என்ற இரண்டு எண்களை எல்லோரும் பார்க்கும்படி எழுதிவையுங்கள்.

கடைசித் தவணை நெருங்கும்போது முழுத் தீர்வுத் தொகையை, எந்த நாள் வரை செல்லும் என்ற தேதியோடு எழுத்தில் வாங்குங்கள். ஒரு நாள் தாமதமானாலும் சில்லறை வட்டி பாக்கி நின்று கணக்கு மூடப்படாமல் கிடக்கும். கட்டிய பிறகு பாக்கி இல்லை என்ற சான்று, அசல் பத்திரங்கள் அனைத்தும் கடன் வாங்கும்போது கொடுத்த பட்டியலோடு ஒப்பிட்டு, பதிவகத்தில் அடமானம் நீக்கியதற்கான ஆவணம், கடனோடு சேர்த்து எடுத்த காப்பீட்டில் மீதக் காலத்துக்குத் திரும்ப வர வேண்டிய தொகை ஏதும் உண்டா என்ற பதில், எல்லாவற்றையும் பெற்றுக்கொள்ளுங்கள். தானியங்கித் தவணைப் பிடித்தத்தையும் ரத்துசெய்துவிட்டு, சில வாரம் கழித்து சொத்துப் பதிவேட்டில் அடமானம் நீங்கியிருக்கிறதா என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.